பதவி ஏணியில் ஏறிய பொருளாதாரம்

சீன நகரம் ஒன்றில் மேயர் இரண்டாவது ஆள்தான். முதல் ஆள் அந்த நகரத்தின் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர். மேயருக்கு உள்ளூர் மக்கள் பேரவை சம்பிரதாயத்துக்கு வாக்களிக்கும். ஆனால் இருவரில் யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு மூலையில் ஒரு நாற்காலி என்பதை முடிவு செய்வது மேலே உள்ள கட்சிக் குழுவின் அமைப்புத் துறை. ஒவ்வொரு அதிகாரிக்கும் அங்கே ஒரு கோப்பு இருக்கிறது. பொருளாதாரம் தலைகீழாக மாறிய நாட்டில் அரசியல் ஏன் மாறவில்லை என்று கேட்பவர்கள், தேர்தல் எங்கே என்று தேடுவதற்கு முன்னால் அந்தக் கோப்பைப் பார்ப்பது நல்லது. மாறியது அதுதான்.

மாவோ காலத்தில் அந்தக் கோப்பில் முக்கியமாக இருந்தவை வர்க்கப் பின்னணியும் விசுவாசமும். 1978 டிசம்பரில் கட்சியின் மத்தியக் குழு, இனி முதல் வேலை பொருளாதாரம்தான் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு உற்பத்தி, வரி வசூல், வந்து இறங்கிய அந்நிய முதலீடு என்று எண்கள் கோப்புக்குள் நுழைந்தன. கூடவே சில கறாரான நிபந்தனைகளும் வந்தன. அப்போது நடப்பிலிருந்த மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் கோட்டை விட்டாலோ, பெரிய கலவரம் நடந்தாலோ, மற்ற மதிப்பெண்கள் எவ்வளவு இருந்தாலும் உயர்வு கிடையாது.

இன்னொன்றும் சேர்ந்தது. அதிகாரம் சிலர் கையில் குவிவதையும் ஆயுள்காலப் பதவியையும் 1980 ஆகஸ்ட் உரையில் அப்போதைய உச்சத் தலைவர் டெங் சியாவ்பிங் வெளிப்படையாகவே கண்டித்தார். 1982 அரசியல் சட்டம் நாட்டின் அதிபருக்கும் பிரதமருக்கும் இரண்டு பதவிக்காலம்தான் என்று வரையறுத்தது. கீழே உள்ளவர்களுக்கு ஓய்வு வயது வந்தது. ஐம்பதைத் தொட்ட ஒரு செயலாளருக்கு இனி மேலே ஏறச் சில வருடங்களே மிச்சம். அந்த அவசரம்தான் பிறகு நெடுஞ்சாலைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் எழுந்து நின்றது.

அன்ஹுய் மாகாணத்துச் சியாவ்காங் கிராமக் கதையைப் பலர் கேட்டிருப்பார்கள். 1978 கடைசியில் 18 விவசாயிகள் கூட்டுப்பண்ணை நிலத்தை வீட்டுக்கு வீடு ரகசியமாகப் பிரித்துக்கொண்டு, ஒரு தாளில் கைநாட்டு வைத்தார்கள். மாட்டிக்கொண்டு யாராவது ஜெயிலுக்குப் போனால் அவர்கள் பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்ப்பது என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது. விவசாயிகளின் துணிச்சலைச் சொல்லி இந்தக் கதையை முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அப்போதைய அன்ஹுய் கட்சித் தலைவர் வான் லி இத்தகைய முயற்சிகளுக்குக் குறுக்கே நிற்காமல் துணை நின்றது. விளைச்சல் கூடியது. 1980-ல் அவர் நாட்டின் துணைப் பிரதமர். மற்ற மாகாணங்களின் தலைவர்கள் இதைக் கவனிக்காமலா இருந்திருப்பார்கள்?

ஆனால் கம்யூன் என்ற அந்தக் கூட்டுப்பண்ணை அமைப்பு பண்ணை மட்டுமல்ல. அடிமட்ட அரசாங்கமும் அதுவே. பண்ணை கலைந்ததும் கிராமத்தில் அரசாங்கமும் கலைந்தது. வரி வசூலிக்கவும் வாய்க்கால் தூர்வாரவும் யாராவது வேண்டும். அதனால் கிராமக் குழுக்கள் உருவாயின. அவற்றுக்குத் தேர்தல் நடத்த 1987-ல் சட்டமும் வந்தது. பொருளாதாரம் தள்ளியதால் அரசியல் ஓர் அடி நகர்ந்த இடம் இது. அந்தத் தேர்தல் கிராமத்தோடு நின்றுவிட்டது; கிராமத்துக் கட்சிச் செயலாளரும் தன் இடத்திலேயே இருந்தார்.

அடுத்த உரசல் நகரத்தில். எண்பதுகளின் நடுவில் ஒரே பொருளுக்கு இரண்டு விலை இருந்தது. நம் ரேஷன் விலை, கடை விலை மாதிரிதான். ஆனால் அங்கே அரிசியோடு இரும்பும் நிலக்கரியும் அதில் அடக்கம். திட்ட விலையில், அதாவது அரசு வைத்த மலிவு விலையில், இரும்பை எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு அதிகாரியிடம் இருந்தது. வாங்கிச் சந்தையில் விற்றால் உட்கார்ந்த இடத்தில் லாபம். ‘குவான்தாவ்’, அதாவது அதிகாரித் தரகு, என்று மக்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். 1988-ல் விலைவாசி ஒரே வருடத்தில் 18 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 1989 வசந்தத்தில் தியானென்மென் சதுக்கத்தில் கூடிய மாணவர்கள் ஜனநாயகத்தோடு சேர்த்து இந்தத் தரகுக்கு முடிவும் கேட்டார்கள். ஜூன் 4-ல் ராணுவம் சுட்டது. கட்சியையும் அரசாங்கத்தையும் பிரிக்க வேண்டும் என்று 1987 மாநாட்டில் திட்டம் வைத்த கட்சிப் பொதுச் செயலாளர் ஜாவ் சியாங் பதவி இழந்து, 2005-ல் சாகும்வரை வீட்டுக்காவலில் இருந்தார். அவருடைய திட்டமும் மூலைக்குப் போனது.

பாதி திறந்த சந்தைதான் நெருக்கடிக்கு ஒரு காரணம். அதிலிருந்து தலைமை எடுத்துக்கொண்ட பாடம், சந்தையை முழுசாகத் திற, அரசியலை இறுக்கு என்பது. 1992-ல் டெங் தெற்கே ஷென்ஜென், ஜுஹாய் பக்கம் போய், சீர்திருத்தத்தை வேகப்படுத்தச் சொன்னார்.

1994 வரிச் சீர்திருத்தம் பார்ப்பதற்குக் கணக்குப்பிள்ளை சமாச்சாரம். சீனாவின் இன்றைய முகத்தை அதுதான் வரைந்தது என்பேன். மதிப்புக்கூட்டு வரியில் 75 சதவீதம் மத்திய அரசுக்கு, உள்ளூருக்கு 25 என்று அப்போது ஆனது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாலைச் செலவெல்லாம் உள்ளூர் தலையில். வளர்ச்சி காட்டினால்தான் உயர்வு, கையிலோ காசில்லை. நம் செயலாளர் என்ன செய்வார்?

நிலத்தைப் பார்த்தார். நகர நிலம் அரசுடையது. கிராம நிலம் கிராமத்தின் கூட்டுச் சொத்து. கட்டுமானத்துக்கு அதைக் கிராமம் நேரடியாக விற்க அப்போது முடியவில்லை. உள்ளூர் அரசாங்கம் கையகப்படுத்தி, விளைச்சல் மதிப்பைக் கணக்கிட்டு இழப்பீடு கொடுத்து, அதே மண்ணை அடுக்குமாடி கட்டுபவருக்கு நகர விலையில் ஏலம் விட்டது. இடையில் நின்ற தொகைதான் மேம்பாலமும் மெட்ரோவும். குவாங்டோங் மாகாணத்து வூகான் கிராமம் (கொரோனா வூஹான் இல்லை) 2011-ல் இதை எதிர்த்துக் கிளம்பி, அதிகாரிகளை ஊரைவிட்டே விரட்டியது. 2012-ல் தன் கிராமக் குழுவைத் தானே தேர்ந்தெடுத்தது. அப்படி வென்ற தலைவரை 2016-ல் லஞ்ச வழக்கில் சிறைக்கு அனுப்பினார்கள்.

பணக்காரர்கள் ஏன் குரல் கொடுக்கவில்லை என்று கேட்கலாம். 2001-ல் அப்போதைய அதிபர் ஜியாங் செமின் அவர்களுக்குக் கட்சிக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே போனவர்களுக்கும் எல்லை உண்டு. 2020 நவம்பரில் அலிபாபா நிறுவனர் ஜாக் மாவின் ஆன்ட் குழுமப் பங்குகள் சந்தைக்கு வர இரண்டே நாள் இருந்தபோது வெளியீடு நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 2018 மார்ச்சில், அதிபருக்கான இரண்டு பதவிக்கால வரம்பு 2,958 வாக்குகளோடு நீங்கியது. எதிர்த்தவை இரண்டு.

2021-ல் நில விற்பனையால் உள்ளூர் அரசுகளுக்கு வந்தது சுமார் 8.7 லட்சம் கோடி யுவான். 2023-ல் அது 5.8 லட்சம் கோடிக்கு இறங்கியது. நிலத்தை நம்பி வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கிறது. மறைந்து கிடந்த அந்தக் கடன்களை மாற்றியமைக்க 2024 நவம்பரில் 10 லட்சம் கோடி யுவானுக்குத் திட்டம் போட வேண்டி வந்தது. செயலாளரின் கோப்பிலும் புதிய நிபந்தனை ஏறியிருக்கிறது: மறைமுகக் கடன் வாங்கியவர் மாற்றலாகிப் போனாலும், ஓய்வே பெற்றாலும் ஆயுள் முழுக்கப் பொறுப்பு.

விளைவு, பலர் கையெழுத்துப் போடவே தயங்குகிறார்கள். வேலை செய்தால்தானே தப்பு வரும்? ‘தாங்பிங்’, படுத்துக்கொள்வது, என்று இளைஞர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட சொல் இப்போது அதிகாரிகளுக்கும் ஒட்டிக்கொண்டது. படுத்துக்கிடக்கும் அதிகாரிகளைக் கண்டுபிடித்துத் தண்டிப்பது கட்சியின் ஒழுங்கு விசாரணைக் குழுவுக்கு இன்னொரு வேலையாகிவிட்டது.