அழற்சி: சொல்லின் பொருளும் வலுப்பயிற்சியுடன் அதற்குள்ள உறவும்

'இன்ஃப்ளமேஷன்' என்று மருத்துவர் சொல்வதை வீட்டில் நாம் 'வீக்கம்' என்றே சொல்லிக்கொள்கிறோம். நாளிதழ்களின் உடல்நலப் பக்கங்களிலும் இதே சொல்லைப் பல நேரம் காணலாம். அதற்குச் சரியான தமிழ்ச் சொல் அழற்சி. வீக்கம் என்பது அழற்சியின் அறிகுறிகளுள் ஒன்று மட்டுமே. அறிகுறியின் பெயரை முழு நிகழ்வுக்கும் வைத்துவிட்டால், வீங்காத உடலில் அழற்சி இல்லை என்ற முடிவுக்குப் படிப்பவர் வந்துவிடுவார். நாள் முழுதும் உட்கார்ந்தே வேலை செய்து, உடலுழைப்பே இல்லாமல் நடுவயதை எட்டியவர்களின் உடலில் நிலைகொள்ளும் அழற்சி பெரும்பாலும் எங்கும் வீங்காத வகையைச் சேர்ந்தது என்பதால், இந்தச் சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்வது அவசியமாகிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. 'ஃபிளம்மா' என்றால் தீச்சுடர். 'இன்ஃபிளம்மாரே' என்றால் தீமூட்டுதல். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமைச் சேர்ந்த மருத்துவ நூலாசிரியர் செல்சுஸ், சிவத்தல், வீங்குதல், சூடு, வலி என்ற நான்கையும் இதன் அடையாளங்களாக எழுதிவைத்தார். பாதிக்கப்பட்ட உறுப்பு தன் வேலையைச் செய்ய இயலாமற்போதல் என்ற ஐந்தாவது அடையாளம் பின்னர் சேர்ந்தது.

தமிழ்ச் சொல்லும் தீயிலிருந்தே பிறந்தது. அழல் என்றால் நெருப்பு. மதுரை எரியும் பகுதிக்குச் சிலப்பதிகாரம் இட்ட பெயர் அழற்படு காதை. வளி, அழல், ஐயம் என்று மூன்றாகப் பகுக்கும் மருத்துவ மரபில் பித்தத்தின் பெயரும் அழலே. முயல் என்ற வினையிலிருந்து முயற்சியும், சுழல் என்பதிலிருந்து சுழற்சியும், பயில் என்பதிலிருந்து பயிற்சியும் பிறந்தது போலவே, அழல் என்பதிலிருந்து அழற்சி பிறந்தது. இவை யாவும் நிகழ்ச்சியைக் குறிக்கும் பெயர்கள். அழற்சி என்பதும் உடலுக்குள் புகுந்த ஒரு பொருளின் பெயராக இல்லாமல், காயத்துக்கோ கிருமிக்கோ உடல் ஆற்றும் எதிர்வினையின் பெயராக இருப்பதால், மருத்துவப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. மூட்டழற்சி, கல்லீரல் அழற்சி, குடல்வால் அழற்சி என்று உறுப்பின் பெயரோடு சேர்ந்து இயல்பாகத் தொகைச்சொல் ஆவதும் இதன் சிறப்பு.

ஒலி ஒப்புமையால் வரும் ஒரு குழப்பத்தையும் இங்கே நீக்க வேண்டும். அழற்சி என்பதை 'அலர்ஜி'யின் தமிழ் வடிவம் என்று எண்ணுவோர் உண்டு. இரண்டுக்கும் வேரில் எந்தத் தொடர்பும் இல்லை. வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளமென்ஸ் ஃபொன் பிர்க்கே, 'பிற', 'செயல்' என்ற பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1906-ல் உருவாக்கியது அலர்ஜி. அதற்குத் தமிழ் ஒவ்வாமை. ஒவ்வாமையால் அழற்சி உண்டாகலாம் என்றாலும், எல்லா அழற்சியும் ஒவ்வாமையால் வருவதில்லை.

காலில் முள் தைத்த இடம் சிவந்து, வலித்து, சில நாளில் ஆறிவிடுவது உடனடி அழற்சி. அது இல்லையென்றால் காயமே ஆறாது. மற்றொன்று, வெளியே அடையாளம் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் நீறுபூத்த நெருப்பாய் நீடிக்கும் தாழ்நிலை நாட்பட்ட அழற்சி. செல்சுஸின் நான்கு அடையாளங்களில் ஒன்றுகூட இதில் தென்படாமல் இருக்கலாம் என்பதால் இதை இரத்தத்தில்தான் தேட வேண்டும். கல்லீரல் சுரக்கும் சி-வினைபடு புரதம் அதற்கு வழக்கமான அளவுகோல். 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நுரையீரல் அழற்சி நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறியப்பட்ட இப்புரதம், நுண்ணிய பரிசோதனையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதயநோய் இடர் குறைவு என்றும், 3 மில்லிகிராமுக்கு மேலே இருந்தால் கூடுதல் என்றும் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

உடலுழைப்பு இல்லாதவருக்கு இந்த அளவு ஏன் உயர்கிறது? வயிற்றறையின் உள்ளுறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கு என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. கொழுப்புத் திசு பெருகும்போது அங்கே நோயெதிர்ப்பு அணுக்கள் வந்து குவிவதும், அழற்சியைத் தூண்டும் புரதங்கள் அங்கிருந்து இரத்தத்தில் கலப்பதும் 1990-களுக்குப் பின் தெளிவாயின. தசை தேயத் தேய, இரத்தச் சர்க்கரையை ஏற்றுக்கொள்ளும் இடமும் சுருங்குகிறது.

இங்கேதான் வலுப்பயிற்சி வருகிறது. 'ரெசிஸ்டன்ஸ் டிரெயினிங்' என்ற ஆங்கிலத் தொடரை அப்படியே பெயர்த்து 'எதிர்ப்புப் பயிற்சி' என்று சிலர் எழுதுவது நோயெதிர்ப்பையோ போராட்டத்தையோ நினைவூட்டுகிறது. வலுப்பயிற்சி என்பதே தெளிவு. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை சுழற்றுதல், ஜிம்மில் எடை தூக்குதல் எல்லாம் இதில் அடங்கும். சுருங்கி விரியும் தசை தானே சில புரதங்களைச் சுரக்கிறது என்பதைக் கோபன்ஹேகனில் பென்டே கிளார்லண்ட் பெடர்சனும் அவர் குழுவினரும் விளக்கி, அவற்றுக்கு 'மயோகைன்' என்று பெயரிட்டனர். தசைச்சுரப்புப் புரதம் என்று நாம் சொல்லலாம். அவற்றுள் இன்டர்லூக்கின்-6 வியப்பூட்டுவது. நாட்பட்ட அழற்சியில் ஓயாமல் உயர்ந்திருக்கும் அதே புரதம், உடற்பயிற்சியின்போது தசையிலிருந்து சிறிது நேரம் வெளிப்படுகையில், அழற்சியைத் தணிக்கும் வேறு புரதங்களைப் பெருக்குகிறது. நீண்ட ஓட்டம் போன்றவற்றில் இந்த ஏற்றம் அதிகம், வலுப்பயிற்சியில் குறைவு. ஆகவே தசை கூடுவதும், உட்கொழுப்பு குறைவதும், இன்சுலினுக்கு உடல் நன்கு இணங்குவதுமே வலுப்பயிற்சியின் நீண்டகாலப் பலனுக்கு முதன்மையான வழிகளாகத் தோன்றுகின்றன.

பலனை மிகைப்படுத்தவும் கூடாது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கையில், முதியோரிடம் சி-வினைபடு புரதம் ஓரளவு குறைவது தெரிகிறது. மற்ற அழற்சிப் புரதங்களில் முடிவுகள் ஒருமித்து இல்லை. சில வாரப் பயிற்சியில் எல்லாம் மாறிவிடும் என்று விளம்பரம் செய்வோரை நம்ப வேண்டியதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தோடு, பெருந்தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சியை இரண்டு நாளாவது செய்யச் சொல்கிறது.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஓரிரு நாளில் தொடையும் தோளும் வலிப்பதுண்டு. பழக்கமில்லாத சுமையால் தசையிழைகளில் உண்டாகும் நுண்சிதைவைச் சீராக்க வரும் உடனடி அழற்சிக்கும் அதில் பங்கு உண்டு. அதே பயிற்சியை மீண்டும் மீண்டும் செய்யும்போது வலி குறைந்துவிடும். இதை நோய் என்று அஞ்சி அன்றாடம் வலிமாத்திரை போட்டுக்கொள்வது நல்லதன்று. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், 8 வாரங்கள் எடைப்பயிற்சியோடு நாளுக்கு 1200 மில்லிகிராம் ஐபுபுரூஃபன் எடுத்த இளம் வயதினருக்கு, குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுத்தவர்களைவிடத் தசை வளர்ச்சி குறைவாக இருந்தது. இம்மருந்துகளை 'அழற்சி எதிர்ப்பு மருந்து' என்று எழுதும் வழக்கம் உள்ளது. அழல் என்ற வேரோடு ஒத்துப்போகும் 'அழற்சி தணிப்பி' என்பதே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது.