ஒஸ்டல்கீ: ஓர் எழுத்து குறைந்த ஏக்கம்

ஜெர்மன் மொழியில் 'ஒஸ்ட்' என்றால் கிழக்கு. 'நொஸ்டல்கீ' என்பது நாம் நாஸ்டால்ஜியா என்று சொல்கிறோமே, அதேதான். அதன் முதல் மெய்யை உருவிவிட்டால் 'ஒஸ்டல்கீ': இல்லாமல் போன கிழக்கு ஜெர்மனியை நினைத்து வரும் ஏக்கம். தமிழ் எழுத்திலும் கணக்கு இடிக்கவில்லை. 'நொ'வில் 'ந்' போனால் மிச்சம் 'ஒ'.

1990களின் தொடக்கத்தில் டிரெஸ்டன் நகரத்து மேடை நகைச்சுவைக் கலைஞர் ஊவே ஷ்டைம்லே உருவாக்கிய சொல் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிறப்பே கேலியில்தான், அந்த வாசனை இன்னும் போகவில்லை. கிழக்கில் வளர்ந்த ஒருவர் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டால் போதும், "சரி சரி, ஒஸ்டல்கீ" என்று பேச்சை முடித்துவிடலாம்.

தாய்ச்சொல்லுக்கு இன்னும் வயது அதிகம். 1688இல் பாசெல் நகரில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில் ஒரு நோய்க்குப் பெயர் வைத்தார். ஊரை விட்டு வந்து உண்ணாமல் உறங்காமல் மெலிந்துபோகிறவர்களின் நோய். சுவிட்சர்லாந்துக்காரர்கள் பேச்சுவழக்கில் 'ஹைம்வே', அதாவது வீட்டு வலி, என்பார்கள். ஹோஃபர் அதைக் கிரேக்கத்தில் கட்டினார்: 'நொஸ்தோஸ்' என்றால் வீடு திரும்புதல், 'அல்கோஸ்' என்றால் வலி. நம் வீடுகளில் "குழந்தை அம்மாவைக் காணாமல் ஏங்கிப்போச்சு, காய்ச்சலே வந்துடுச்சு" என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த நோய்தான். நாஸ்டால்ஜியா இனிப்பான சொல்லானதெல்லாம் பிற்பாடு.

இங்கே எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஒஸ்டல்கீயில் உருவப்பட்ட 'ந்', 'நொஸ்தோஸ்' என்பதன் முதலெழுத்து. அது போனதும் திரும்புதல் என்ற பொருளே சொல்லிலிருந்து போய்விட்டது. மிஞ்சியது திசையும் வலியும். ஷ்டைம்லே இதை யோசித்தாரோ இல்லையோ, சொல் உண்மையைச் சொல்லிவிட்டது. இந்த ஏக்கத்தில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த அரசு திரும்பி வர வேண்டும் என்று கேட்கவில்லை. அங்கே வாழ்ந்ததும் ஒரு வாழ்க்கைதான் என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த அந்த நாடு 1949 அக்டோபர் 7 முதல், மேற்கு ஜெர்மனியோடு இணைந்த 1990 அக்டோபர் 3 வரை இருந்தது. நாடு முடிவதற்கு முன்பே பொருட்கள் முடிந்துவிட்டன. 1990 ஜூலை 1 அன்று மேற்கு ஜெர்மன் மார்க் புழக்கத்துக்கு வந்ததும் கடை அலமாரிகளில் மேற்கத்திய பொருட்கள் ஏறின. அதுவரை வாங்கிய ஊறுகாய், காபி, சோப்பு எல்லாம் மறைந்தன. ஆயிரக்கணக்கான அரசு ஆலைகள் 'டிராய்ஹாண்ட்' என்ற நிறுவனத்தின் கைக்குப் போய், 1994க்குள் விற்கப்பட்டன அல்லது மூடப்பட்டன. வேலை போனவனுக்கு ஊறுகாய் பாட்டில் வெறும் ஊறுகாய் பாட்டில் அல்ல.

கிழக்கு பெர்லினின் நடைபாதை சிக்னலில் இருக்கும் தொப்பிக்கார மனிதனைப் பாருங்கள். கார்ல் பெக்லாவ் என்ற போக்குவரத்து உளவியலாளர் 1961இல் வரைந்தது. சிவப்பில் இரு கையையும் விரித்து மறிக்கும், பச்சையில் வீசி நடக்கும். நாடு இணைந்த பிறகு மேற்கின் தட்டையான உருவத்தைப் பொருத்த ஆரம்பித்தார்கள். மக்கள் சண்டை போட்டு இவனைக் காப்பாற்றினார்கள். இப்போது மேற்கு பெர்லினிலும் பல இடங்களில் இவன்தான் நிற்கிறான். தோற்ற நாட்டிலிருந்து ஜெயித்த பக்கத்துக்குப் போன மிகச் சில சின்னங்களில் ஒன்று.

அந்தக் காலத்தை நினைவுபடுத்த இன்னொரு குவியலும் உண்டு. ரகசியப் போலீஸான ஷ்டாசி விட்டுச் சென்ற கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர். கடைசி நேரத்தில் கையால் கிழித்துப்போட்ட காகிதம் மட்டும் ஏறத்தாழ 16,000 மூட்டை. 1992 முதல் யாரும் தன் கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். படித்தவர்கள் சிலர் நண்பனை இழந்தார்கள். ஆனால் கைப்பேசித் திரையில் ஜெயிப்பது தொப்பிக்காரனும், கிழக்கு ஜெர்மனியில் செய்த சின்ன டிராபண்ட் காரும்தான். பயத்தைப் படம் பிடிக்க முடியாது. காரைப் பிடிக்கலாம், அதுவும் வெளிர்நீலக் காராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சிம்சன் மொபெட் கதை இதைவிடச் சுவாரசியம். கிழக்கு ஜெர்மனியின் ஜூல் நகரத்து ஆலையில் செய்த வண்டி. 1992 பிப்ரவரிக்குள் சாலைக்கு வந்த பழைய சிம்சன்கள் மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடலாம் என்று இரு ஜெர்மனிகளின் இணைப்பு ஒப்பந்தத்தில் சலுகை. அதே உரிமத்தில் ஓட்டும் மற்ற வண்டிகளுக்கு 45தான். அதனால் அந்த நாடு இருந்தபோது பிறந்தேயிராத பையன்கள் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி வீடியோ போடுகிறார்கள். 2024இல் கிழக்கு மாநிலமான தூரிங்கியாவின் தேர்தலில் வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டியின் தலைவர்களும் சிம்சன் ஏறிப் பிரசாரம் செய்தார்கள். ஆலையைத் தொடங்கியது ஒரு யூதக் குடும்பம், நாஜிகள் அதைப் பறித்துக்கொண்டார்கள் என்ற முன்கதை அந்த வீடியோக்களின் சத்தத்தில் கேட்பதில்லை. வாழாத காலத்துக்கு வரும் ஏக்கத்தையும் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். எனக்கு அது வேறு சரக்காகப் படுகிறது. அதில் வலி இல்லை, கொடி மட்டும் இருக்கிறது.

செத்த நாடுகளுக்கு இணையத்தில் கிடைத்த கதியும் ஒன்றுபோல் இல்லை. சோவியத் ஒன்றியத்துக்கு 1990 செப்டம்பரில் கொடுத்த 'எஸ்யு' என்ற முகவரி முடிவு, நாடு போன பிறகும் பல்லாண்டு ஓடியது. யூகோஸ்லாவியாவின் 'ஒய்யு' 2010 மார்ச்சில் அணைக்கப்பட்டது. அங்கே இந்த ஏக்கத்துக்கு யூகோநொஸ்டால்ஜியா என்று பெயர். கிழக்கு ஜெர்மனிக்குக் குறித்து வைத்திருந்த 'டிடி' பயன்பாட்டுக்கு வரவே இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கம்யூனிச ஏக்கம்' தப்பு. ஏக்கம் கொள்கைமேல் அல்ல. 'தாயக ஏக்கம்' என்றால் ஈழத்தமிழர் காதில் அது முற்றிலும் வேறாக விழும். ஊரை விட்டு வந்தவர்களின் சொல் அது. 1980களில் அவர்களில் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கித்தான் மேற்கு பெர்லினுக்குள் போனார்கள். கிழக்கு ஜெர்மானியர் எங்கும் போகவில்லை, நாடுதான் அவர்களை விட்டுப் போனது. 'கழிவிரக்கம்' இன்று தன்னிரக்கமாகத் தேய்ந்துவிட்டது. அந்த 'இரக்கம்' பழைய நல்ல சொல்தான்: புறநானூற்றின் 243ஆம் பாட்டில் ஒரு கிழவர் மடுவில் குதித்துக் கையில் மணல் அள்ளி வந்த இளமையை நினைத்து, "இனிநினைந்து இரக்கம் ஆகின்று" என்றுதான் தொடங்குகிறார். அவரும் திரும்பிப் போகக் கேட்கவில்லை. ஆனால் இன்றைய வாசகர் இரக்கம் என்றால் பரிதாபம் என்றே எடுத்துக்கொள்வார்.

என் ஓட்டு 'கிழக்கேக்கம்'. கிழக்கும் ஏக்கமும் ஜெர்மன் சொல்லைப் போலவே ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துகொள்கின்றன. 'கிழ' என்று தொடங்குவதால் "கிழங்களின் ஏக்கமா?" என்று யாராவது கிண்டலடிப்பார்கள். அடிக்கட்டும், மூலத்திலும் அந்தக் கிண்டல் உண்டு. முதல் முறை எழுதும்போது 'ஒஸ்டல்கீ எனும் கிழக்கேக்கம்' என்று போட்டுவிட்டு, அப்புறம் தமிழ்ச் சொல்லையே வைத்து ஓட்டலாம்.