ஹைட்ராலிக் ஸ்டீயரிங்: நீரியலா, நீர்மமா?

டெக்சாஸில் இருக்கும் என் சித்தப்பா மகன் பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கியிருக்கிறான். 38 அடி நீளம், பின்பக்கம் டீசல் எஞ்சின். நம் ஊரில் சினிமா படப்பிடிப்புக்கு வந்து நிற்கும் கேரவனைப் பார்த்திருப்பீர்கள். இது கிட்டத்தட்ட அந்த வகைதான், ஆனால் ஒரு பெரிய பேருந்துக்குள் வீட்டையே கட்டி வைத்தது போல இருக்கும். சித்தப்பா அவனோடு ஆறு மாதம் தங்கப் போயிருந்தார். 30 வருடம் லாரி ஓட்டியவர் என்பதால் வண்டிப் பராமரிப்பைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று தம்பி கையேட்டின் முக்கியமான பக்கங்களை ஒரு நோட்டில் தமிழில் எழுதினான். ஹைட்ராலிக் என்ற இடத்தில் அகராதியைப் பார்த்து 'நீரியல்' என்று போட்டான். ஸ்டீயரிங்குக்குத் 'திசைமாற்றி'. படித்துவிட்டு சித்தப்பா கேட்ட முதல் கேள்வி: "நீரியல்னா உள்ளே தண்ணியாப்பா ஓடுது?"

தம்பி எனக்குப் போன் செய்தான். "வேற என்ன சொல் போடலாம் அண்ணா?" அன்றைக்கு அவனிடம் சொன்னதையும் அப்புறம் தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

ஹைட்ராலிக் என்ற சொல்லுக்குள் தண்ணீர் இருப்பது உண்மைதான். கிரேக்கத்தில் 'ஹுடோர்' என்றால் தண்ணீர், 'அவுலோஸ்' என்றால் குழல். இரண்டும் சேர்ந்த 'ஹுட்ராவுலிஸ்' ஓர் இசைக்கருவியின் பெயர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த க்டெசிபியஸ் என்பவர் அதைச் செய்தார். தண்ணீரின் எடையால் காற்றின் அழுத்தத்தைச் சீராக வைத்து, அந்தக் காற்றைக் குழல்களில் செலுத்தி இசைக்கும் கருவி அது. கி.மு. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒன்றின் பாகங்கள் 1992இல் கிரேக்கத்தின் டியோன் அகழாய்வில் கிடைத்தன. அவுலோஸ் என்பது ஊதும் குழலுக்கும் பெயர், வெறும் குழாய்க்கும் பெயர். தமிழிலும் இதே கதைதான்: புல்லாங்குழலும் குழல், துப்பாக்கிக் குழலும் குழல். அந்தப் பழைய கருவியை 'நீர்க்குழல்' என்று சொன்னால் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் பொருந்தும். மொழிபெயர்ப்பில் இப்படி ஒன்று தானாக அமைவது அபூர்வம்.

இசைக்கருவியிலிருந்து இயந்திரத்துக்கு இந்தச் சொல் வந்து சேர வெகுகாலம் ஆனது. மூடிய கலத்திலுள்ள நீர்மத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லா இடத்துக்கும் பரவும் என்பது பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் வகுத்த விதி. அதை வைத்து ஜோசப் பிராமா 1795இல் இங்கிலாந்தில் ஓர் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் தண்ணீர்தான் இருந்தது. பிற்பாடு தண்ணீரின் இடத்துக்கு எண்ணெய் வந்தது. எண்ணெய் இரும்பைத் துருப்பிடிக்க விடாது, உரசும் பாகங்களுக்குத் தானே மசகாகவும் இருக்கும், குளிரில் எளிதில் உறையாது. தண்ணீர் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. இன்றைய ஸ்டீயரிங்குக்குள் தண்ணீர் புகுந்தால் எண்ணெய் பால் போல வெளுத்துப் போகும், பம்புக்கும் அத்தோடு கேடு. ஆகவே சித்தப்பாவின் கேள்வி மிகச் சரியான கேள்வி. ஒரு கலைச்சொல், 30 வருட அனுபவமுள்ள ஓட்டுநரைத் தண்ணீரைப் பற்றி யோசிக்க வைக்கிறது என்றால் திருத்த வேண்டியது அந்தச் சொல்லைத்தான். நீரியல் என்பதை ஆறு, மழை, நிலத்தடி நீர் பற்றிய படிப்புக்கு வைத்துக்கொள்வோம்.

'பாய்மம்' என்று போடலாமே என்று தம்பி கேட்டான். நல்ல சொல்தான், பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் பாய்மம் என்றால் நீர்மமும் அடங்கும், வாயுவும் அடங்கும். அவனுடைய வண்டியில் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறது, ஸ்டீயரிங் எண்ணெய் அழுத்தத்தில். இரண்டையும் பாய்ம அழுத்தம் என்று எழுதிவிட்டு, கசிவு வந்தால் எதில் போய்த் தேடுவது? 'நீர்மம்' என்ற சொல்லில் இந்தக் குழப்பம் இல்லை. தண்ணீர், எண்ணெய், பாதரசம் எல்லாம் நீர்மம். காற்று நீர்மம் இல்லை. ஹைட்ராலிக் என்பதற்கு 'நீர்ம அழுத்த' என்பதே என் தேர்வு.

அடுத்தது ஸ்டீயரிங். ஆங்கிலத்தில் ஸ்டீயர் என்ற சொல் படகிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் படகைச் செலுத்தும் துடுப்பைக் குறித்த சொல்லோடு உறவுள்ளது. அந்தத் துடுப்பு வலப்பக்கம் இருந்ததால்தான் கப்பலின் வலப்பக்கத்துக்கு ஸ்டார்போர்டு என்று பெயர் வந்தது. நம்மிடம் அதற்கு நேரான சொல் உண்டு: சுக்கான். அரபியின் 'சுக்கான்' அப்படியே தமிழுக்கு வந்தது. மாலுமி என்ற சொல்லும் அரபி 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்ததுதான். கடலோடிகள் சேர்ந்து புழங்கிய சொற்கள் இவை. (சுக்கான் கல் என்கிறோமே, அந்தச் சுக்கான் வேறு.) கடலில் இருந்த சொல் தரைக்கு வருமா என்று தயங்க வேண்டியதில்லை. சிங்களத்தில் கார் ஸ்டீயரிங்குக்கே 'சுக்கானம' என்றுதான் பெயர்.

திசைமாற்றி எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். திசையை மாற்றுவது ஸ்டீயரிங்கின் பாதி வேலைதான். மீதிப் பாதி, திசை மாறாமல் பிடித்து வைப்பது. மோட்டார்ஹோமில் இந்த இரண்டாவது பாதிதான் பெரும்பாடு. பக்கச் சுவர் முழுக்கக் காற்றை வாங்கும். நேரான நெடுஞ்சாலையில் லாரி ஒன்று முந்திப் போனாலே வண்டி ஒருபக்கம் தள்ளாடும். நாள் முழுக்க ஓட்டுபவரின் தோள் வலிப்பது வளைவுகளால் அல்ல, நேர்ச் சாலையில் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருப்பதால். சுக்கான் பிடிப்பது என்றால் திருப்புவதும் உண்டு, நிலையாகப் பிடிப்பதும் உண்டு.

பவர் ஸ்டீயரிங்குக்கு 'விசைத்துணைச் சுக்கான்' என்று சொல்லலாம். துணை என்பதை விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவின் பியர்ஸ் ஆரோ என்ற வாகன நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ், கனமான வண்டிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டைப் பார்த்தவர். 1920களில் மாசசூசெட்ஸின் வால்தமில் தனியாகப் பட்டறை போட்டு இந்த அமைப்பை உருவாக்கினார். எண்ணெயை எப்போதும் அழுத்தத்திலேயே வைத்திருக்காமல், திறந்த வால்வு வழியாகச் சும்மா சுற்றி ஓடவிடுவதுதான் அவருடைய வழி. சக்கரத்தைத் திருப்பும்போது வால்வு ஒருபக்கம் மூடும், அந்தக் கணத்தில் மட்டும் அழுத்தம் ஏறி உதவி செய்யும். கார் வாங்குபவர்கள் கைக்கு இது வந்து சேர்ந்தது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியலில். கை செய்யும் வேலைக்கு எண்ணெய் துணை நிற்கிறது, அவ்வளவுதான். கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தொடர்பு எப்போதும் இருக்கிறது. எஞ்சின் நின்றால் துணை போய்விடும், சுக்கான் போகாது. ஆனால் முன் அச்சில் மட்டும் ஆறு டன்னுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் வண்டியில் துணை இல்லாமல் திருப்புவது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள்.

சொற்களை இப்படிப் பிரித்து எழுதியதும் பராமரிப்புக் குறிப்பும் அந்த வரிசையிலேயே அமைந்துவிட்டது. முதலில் நீர்மம். எந்த எண்ணெய் என்பதை வண்டியின் கையேடு மட்டுமே சொல்ல வேண்டும். சில அடிச்சட்டங்களுக்கு (சேஸிஸ்) ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய், சிலவற்றுக்கு எஞ்சின் ஆயில். இரண்டையும் கலக்கக் கூடாது. சித்தப்பா தொட்டியின் மூடியைத் திறந்து, அளவுகோலில் ஒட்டியதை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டியது பழுப்பாகப் பரவியது. விரலில் தேய்த்தால் வழுவழுப்பு குறைவு, முகர்ந்தால் தீய்ந்த வாசனை. தொட்டிக்குள் இருக்கும் ஃபில்டரை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. இரண்டையும் மாற்றினார்கள்.

மாற்றினால் ஏர் எடுக்க வேண்டும், அதாவது எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். முன் சக்கரங்களைத் தூக்கி, உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, எஞ்சினைப் போடாமலேயே சுக்கானை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை மெதுவாகத் திருப்ப வேண்டும். தொட்டியில் எண்ணெய் இறங்க இறங்க நிரப்ப வேண்டும். அப்புறம்தான் எஞ்சின். நுரை அடங்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். மோட்டார்ஹோமைச் சமமாக நிறுத்துவதற்கென்று இருக்கும் ஜாக்குகளை நம்பி யாரும் அடியில் போகவே கூடாது. கோடியில் திருப்பி ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்கவும் கூடாது, எண்ணெய் போக வழியின்றிக் கொதித்துவிடும்.

அடுத்தது குழல். பின்னால் எஞ்சின் உள்ள வண்டியில் பம்பும் பின்னால்தான். சுக்கானின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் சுக்கான் பெட்டியோ முன்னால் ஓட்டுநரின் காலடியில். நடுவே வண்டியின் நீளம் முழுக்கக் குழல் ஓடுகிறது, போக ஒன்று, வர ஒன்று. கிரேக்கர்கள் பெயரிலேயே குழலை வைத்தது இந்த வண்டிக்கு எவ்வளவு பொருத்தம்! சட்டத்தில் உரசும் இடங்கள், கவ்விகள், ரப்பர் ஹோஸ் இரும்புக் குழாயோடு சேரும் முனைகள், இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கார் டயரில் 32 பவுண்டு அழுத்தம் என்றால் இந்தக் குழலில் திருப்பும்போது 2,000 பவுண்டுக்கு மேலும் ஏறலாம். ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அந்த வேகத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. ஓர் அட்டையை அருகில் பிடித்துப் பார்த்தால் போதும், ஈரம் காட்டிக்கொடுத்துவிடும்.

சுக்கான் பெட்டியில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் கைப்பம்பால் மெதுவாக அடியுங்கள். காற்றில் ஓடும் கிரீஸ் துப்பாக்கி வேண்டாம். அதன் வேகம் உள்ளே எண்ணெயைத் தடுத்து நிற்கும் சீலைக் கெடுத்துவிடும், கிரீஸ் எண்ணெயோடு கலந்தும் விடும். பெட்டியிலிருந்து வெளியே வரும் கைக்கு பிட்மேன் ஆர்ம் என்று பெயர். அந்தக் காலத்தில் மரம் அறுக்க ஒருவர் மேலேயும் ஒருவர் பள்ளத்திலும் நின்று ரம்பம் இழுப்பார்கள். பள்ளத்தில் நின்றவர்தான் பிட்மேன். அவர் வேலையை ரம்ப ஆலையில் ஒரு தண்டு செய்யத் தொடங்கியபோது பெயரும் அதற்குப் போனது, அங்கிருந்து வண்டிக்கு வந்தது. மரத்தூள் கண்ணில் விழ விழ இழுத்த ஒரு மனிதனின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. தமிழில் 'ஆட்டுகை' என்று சொல்லலாம், வேலை புரியும். அந்த மனிதன் மட்டும் விட்டுப்போகிறான்.

தம்பியின் வண்டியில் உண்மையான தொல்லை தள்ளாட்டம்தான். சுக்கானை இரண்டு விரல்கட்டை திருப்பியும் சக்கரம் அசையவில்லை. மெக்கானிக்குகள் இதைப் பிளே என்பார்கள், தமிழில் 'ஆட்டம்' என்றே நாம் சொல்வதுண்டு. ஒரு பட்டறையில் சுக்கான் பெட்டியையே மாற்றச் சொல்லி, பெரிய தொகை எழுதிக் கொடுத்தார்கள். இன்னொருவர் பெட்டியின் மேலிருக்கும் திருகை இறுக்கினால் சரியாகும் என்றார். அந்தத் திருகை அளவில்லாமல் இறுக்கினால் சுக்கான் தானாக நடுவுக்குத் திரும்பாது, தள்ளாட்டம் இன்னும் கூடும்.

சித்தப்பா இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. எடைமேடையில் நிறுத்தி ஒவ்வொரு அச்சின் எடையையும் பார்த்து, அதற்கேற்றபடி டயர் காற்றை வைக்கச் சொன்னார். முன் டயர்களில் தேவைக்கு மேல் காற்று இருந்தது, அதுவே வண்டியை அலையவிடும். ஸ்பிரிங் போல வண்டியைத் தாங்கும் காற்றுப்பைகள் கையேடு சொல்லும் உயரத்தில் நிற்கின்றனவா என்று அளந்தார்கள். இவற்றுக்குப் பிறகுதான் அலைன்மென்ட். சுக்கானை நடுவில் பிடித்து நிறுத்தும் ஸ்டெபிலைசர் போட்டால் ஓட்ட சுகமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஆட்டத்தை வைத்துக்கொண்டு அதைப் போட்டால் தேய்மானம் மறைந்துவிடும், வலி மாத்திரை போட்டுக்கொண்டு உடைந்த காலில் நடப்பது போல.

கடைசியில் எஞ்சினை ஓடவிட்டு, தம்பி சுக்கானை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க, சித்தப்பா கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராடு முனைகள் சரி. ஆட்டுகையும் அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் தண்டும் சேர்ந்தே அசைந்தன. மேலே, சுக்கான் சக்கரத்திலிருந்து பெட்டிக்கு இறங்கும் தண்டின் மூட்டில் கை வைத்தபோது, தண்டு அசைந்து ஒரு நொடி கழித்துத்தான் பெட்டி அசைந்தது. விரலுக்கடியில் 'டக்' என்று ஓர் அடி. அந்த மூட்டு ஒன்றுதான் மாற்ற வேண்டியிருந்தது.

நோட்டில் தம்பி எழுதியிருந்த 'நீரியல் திசைமாற்றி' என்ற தலைப்பு இப்போது 'நீர்ம அழுத்தச் சுக்கான்' என்று மாறியிருக்கிறது. அதன் கீழே சித்தப்பாவின் கையெழுத்தில் மூன்று வரி: சுக்கான் தண்டு, கீழ் மூட்டில் ஆட்டம் இருந்தது. மாற்றியாச்சு. பெட்டி நல்லாத்தான் இருக்கு.