நாய் வேண்டும், சரி. பீ அள்ளுவது யார்?

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஸ்கூல் பையைத் திறந்து என் மேசைமேல் ஒரு நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வைத்தான். 35 நாள் இருக்கும். பின்னாலேயே வந்த அம்மாவின் முகத்தில் கோபத்தைவிடக் களைப்புதான் தெரிந்தது. "ரெண்டு நாள் கொஞ்சுவான் டாக்டர். மூணாவது நாள்ல இருந்து பீ அள்ளுறது நான்தானே?"

கால்நடை மருத்துவராக இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். அம்மாவுக்கு நாயே பிடிக்காது என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். பாவம், அவர் பயப்படுவது நாய்க்கு இல்லை. வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் அதன் வேலை தன் தலையில்தான் வந்து விழும் என்பது அவருக்கு அனுபவப் பாடம். அவரிடம் போய் யூடியூப் வீடியோ காட்டி என்ன ஆகப்போகிறது?

நாய் வளர்க்க வீட்டில் சம்மதம் வாங்க வேண்டுமா? நாய் வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். ஒரு மாதம் தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். பக்கத்து வீட்டில் நாய் இருந்தால் கேட்டு அதைக் கூட்டிப்போங்கள். பழைய பேப்பரும் கவரும் கையில் இருக்கட்டும், அது போவதை நீங்களே அள்ளுங்கள். பத்தாம் நாளே ஆசை அடங்கிவிட்டால் ரொம்ப நல்லது, ஒரு நாய் தப்பித்தது. அப்புறம், நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். நீங்கள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் யார் பார்ப்பது? பெற்றோர் கேட்பதற்கு முன் நீங்களே இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கொண்டுவந்துவிட்டால் மனசு இளகிவிடும் என்று குட்டியைத் திருட்டுத்தனமாக வீட்டுக்குள் கொண்டுவருவது. எட்டு வாரம் வரை குட்டி தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக்கூட அங்கேதான் கற்றுக்கொள்கிறது. அறையில் ஒளித்து வைத்துப் பசும்பால் கொடுப்பார்கள், வயிற்றால் போகும். அதைவிட மோசம் பார்வோ என்ற வைரஸ் நோய். குட்டி சாப்பிடாது, வாந்தி எடுக்கும், ரத்தமாக, தாங்க முடியாத நாற்றத்தோடு போகும். ஓரிரு நாளில் செத்துப்போன குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கிருமி வீட்டில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஃபினாயில் ஊற்றிக் கழுவினாலும் போகாது, பிளீச்சிங் வேண்டும். அழுத கையோடு உடனே வேறு குட்டி வாங்கி வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பார்வோவுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் நான்கு மாதம் வரை தொடர வேண்டும். வெறிநோய் ஊசி மூன்றாம் மாதம், பிறகு வருஷா வருஷம்.

பாட்டி மறுத்தால் காரணம் வேறாக இருக்கும். நாய் கடித்துத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்ட காலத்து ஆள் அவர். அந்தப் பழைய மருந்தெல்லாம் போய் இப்போது மனிதர்களுக்குக் கையில்தான் போடுகிறார்கள் என்பதையும், நாய்க்கு முறையாக ஊசி போட்டால் வெறிநோய் வராமல் தடுக்கலாம் என்பதையும் பொறுமையாகச் சொல்லுங்கள். பூஜை அறை வாசலில் ஒரு மரத்தடுப்பு போதும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், தயங்கும் வீட்டுக்குக் குட்டியைவிட இரண்டு வயது நாட்டு நாய் பொருத்தம். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்க முடியாது. வளர்ந்த நாய்க்கு அந்தத் தொல்லை குறைவு, குணமும் முன்பே தெரியும். நம் வெயிலில் பனிநாட்டு நாயான ஹஸ்கி வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் பெற்றோர் கட்சிதான்.

அந்தப் பையனின் குட்டிக்குத் தாய் இருந்தது, டீக்கடைக்குப் பின்னால். அன்றே கொண்டுபோய் விடச் சொன்னேன், விட்டுவிட்டான். அம்மா சரி என்று சொல்லவில்லை, "எட்டு வாரம் ஆகட்டும், பார்ப்போம்" என்றார். தினமும் காலையில் தாய்நாய்க்குச் சோறு வைப்பது இப்போது அவன் வேலை. வருகிற ஞாயிறு எட்டு வாரம் முடிகிறது.