ஒரே குழலில் மூன்று அகலக்கோணங்கள்

லைக்கா எம் வகைக் கேமராக்களுக்காக 2006-இல் வெளிவந்த அகலக்கோண ட்ரை-எல்மார் லென்ஸில் மூன்று குவியத்தூரங்கள் (குறையக் குறைய அகலமாகப் பார்க்கும் அளவு) உண்டு: 16, 18, 21 மி.மீ. வளையத்தைத் திருப்பினால் ஒவ்வொன்றிலும் 'டக்' என்று நிற்கும். எஸ்.எல்.ஆர். கேமராக்காரர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். 16-இலிருந்து 35 வரை வழுக்கிக்கொண்டு போகும் ஜூம் லென்ஸ்கள் அங்கே சாதாரணம். இங்கே எதற்கு இவ்வளவு சின்ன வீச்சு, அதிலும் மூன்றே நிறுத்தங்கள்?

வீச்சு சின்னது என்பது முதலில் ஒரு மாயை. முழு ஃப்ரேம் (36 × 24 மி.மீ. சென்சார்) கேமராவில் 16 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 107 பாகை பார்க்கும். 18 சுமார் 100 பாகை, 21 சுமார் 92. ஐந்து மி.மீ. வித்தியாசத்தில் 15 பாகை மாறுகிறது. இதே ஐந்து மி.மீ. 100-க்கும் 105-க்கும் நடுவே வந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆக, கேள்வி மூன்று நிறுத்தங்களைப் பற்றியதுதான். அதற்கான காரணத்தை லென்ஸில் தேடுவதைவிடக் கேமராவில் தேடலாம். லைக்கா எம் போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் படம் எடுப்பவரின் கண் லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை.

எஸ்.எல்.ஆரில் ஒரு கண்ணாடி, லென்ஸ் காண்பதை அப்படியே கண்ணுக்குத் திருப்பிவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் அது கிடையாது. கேமராவின் மேல்மூலையில் ஒரு தனி ஜன்னல், அதிலிருந்து 69.25 மி.மீ. தள்ளி இன்னொரு சின்ன ஜன்னல். இரண்டாவதில் தெரிவது முதலாவதின் நடுவில் ஒரு வெளிச்சத் திட்டாக விழும். லென்ஸைத் திருப்பத் திருப்ப அந்தத் திட்டு நகர்ந்து, இரண்டு பிம்பங்களும் ஒன்றாகச் சேரும்போது ஃபோகஸ் சரி.

லென்ஸ் எங்கே நிற்கிறது என்று அந்தத் திட்டுக்கு எப்படித் தெரியும்? லென்ஸ் பொருந்தும் வாயான மவுண்ட்டுக்குள் எட்டிப் பார்த்தால் மேல்பக்கத்தில் ஒரு சின்ன உருளை தெரியும். அது லென்ஸின் பின்விளிம்பில் சாய்ந்துகொண்டு, விளிம்பு முன்னும் பின்னும் நகர்வதை ஒரு கையின் வழியாக மேலே சொல்கிறது. அந்தக் கைக்குப் புரிகிற ஒரே கணக்கு 50 மி.மீ. லென்ஸின் நகர்வு. முடிவிலியிலிருந்து 1 மீட்டருக்கு வர 50 மி.மீ. லென்ஸ் சுமார் 2.6 மி.மீ. முன்னே வர வேண்டும். 16 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 0.26 மி.மீ. போதும், பத்தில் ஒரு பங்கு. அதனால் அகலக்கோண லென்ஸ்கள் கண்ணாடிகளை இம்மியளவு நகர்த்திக்கொண்டே, உருளைக்கு மட்டும் ஒரு தனி வளையத்தைப் பெரிதாக நகர்த்திக் காட்டும்.

ஒரே குவியத்தூரம் என்றால் இதோடு வேலை முடிந்தது. குவியத்தூரம் மாறுகிற லென்ஸில்தான் வில்லங்கம். 1 மீட்டரில் நிற்பவரைப் பிடிக்க, மொத்த லென்ஸையும் நகர்த்துவதானால் 16-க்கு 0.26 மி.மீ., 21-க்கு 0.45 மி.மீ. தேவை. உருளைக்கோ இரண்டிலும் '1 மீட்டர்' என்ற ஒரே பதில்தான் போக வேண்டும்.

இதிலிருந்து தப்பிக்கும் வழி ஜூம் லென்ஸின் அமைப்பிலேயே இருக்கிறது. உண்மையான ட்ரை-எல்மாரில் 7 தொகுதிகளில் 10 கண்ணாடிகள். கணக்குக்காக அதை இரண்டே மெல்லிய லென்ஸ்களாகச் சுருக்கிக்கொள்வோம். முன்னே ஒரு குழிலென்ஸ், குவியத்தூரம் 20 மி.மீ. பின்னே ஒரு குவிலென்ஸ், அதற்கும் 20. பள்ளிக்கூடச் சூத்திரத்தில் போட்டால், இரண்டும் சேர்ந்த குவியத்தூரம் 400-ஐ இடைவெளியால் வகுத்தால் வருவது. இடைவெளி 25 மி.மீ. என்றால் 16, 22.2 என்றால் 18, 19 என்றால் 21. ஆறு மி.மீ. நெருக்கினால் போதும், மூன்று லென்ஸ்களும் கிடைத்துவிடும்.

பிம்பம் சென்சாரிலேயே விழவும் வேண்டும். 16-இல் பின்லென்ஸ் சென்சாரிலிருந்து 36 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும், 21-இல் 41. அப்படியானால் முன்லென்ஸ் எங்கே? 16-இல் 61 மி.மீ., 18-இல் 60.2, 21-இல் 60. பின்லென்ஸ் ஐந்து மி.மீ. நடக்கும்போது முன்லென்ஸ் ஒரே ஒரு மி.மீ. அசைகிறது. அந்த அசைவும் சீரானது இல்லை: முதல் பாதியில் பெரும்பகுதி, பிறகு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட நகர்வை ஒரு சாதாரணத் திருகு மரையால் கொடுக்க முடியாது. உள்குழலில் வளைந்த பள்ளங்களை வெட்டி, கண்ணாடிகளைத் தாங்கும் ஊசிகளை அவற்றில் ஓட விடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஜூம் லென்ஸின் அழகு கண்ணாடிகளைவிட இந்தப் பள்ளங்களில்தான் அதிகம்.

இப்போது ஃபோகஸுக்கு வருவோம். முன்லென்ஸை மட்டும் நகர்த்தி ஃபோகஸ் செய்தால், 1 மீட்டருக்கு அது 0.4 மி.மீ. முன்னே வர வேண்டும். 16 ஆனாலும் 21 ஆனாலும் அதே 0.4. முன்லென்ஸ் உண்டாக்கும் மாயபிம்பம் பழைய இடத்திலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டால், பின்லென்ஸ் எங்கே நின்றாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது. எல்லாக் குவியத்தூரங்களுக்கும் ஒரே தூர அளவுகோல், உருளைக்கும் ஒரே பதில்.

முன்னே குழி, பின்னே குவி என்ற இந்த வரிசைக்கு இன்னொரு பலனும் உண்டு. ஃபிலிம் காலத்து ரேஞ்ச்ஃபைண்டர் அகலக்கோண லென்ஸ்கள் பெரும்பாலும் முன்னும் பின்னும் ஒரே சாயலில் இருக்கும். தடுக்க எஸ்.எல்.ஆர். கண்ணாடி இல்லாததால் ஃபிலிமை உரசாத குறையாக உள்ளே போய் நிற்கும். நேர்கோடுகள் நேராகவே விழும். ஆனால் மூலைகள் இருட்டும். சாய்ந்து விழும் ஒளி, கோணத்தின் கொசைனின் நான்காம் அடுக்கில் குறைகிறது. 16 மி.மீ. லென்ஸின் மூலைக்கு அது நடுவில் விழுவதில் எட்டில் ஒரு பங்கு. ஃபிலிம் இதை ஓரளவு பொறுத்துக்கொண்டது. டிஜிட்டல் சென்சாரின் பிக்சல்களோ கிணறு மாதிரி. சாய்ந்து வரும் வெளிச்சம் அடிக்குப் போகாது. பின்கண்ணாடி சென்சாரை விட்டு விலகி நின்றால் ஒளி கொஞ்சம் நிமிர்ந்து விழும். இந்த லென்ஸ் லைக்காவின் முதல் டிஜிட்டல் எம் கேமராவான எம்8-உடன் ஒரே நேரத்தில் வந்ததில் ஆச்சரியமில்லை.

சரி, உள்ளே இடைவெளி தொடர்ச்சியாக மாறுகிறதே, 19 மி.மீ.யில் நிறுத்தினால் என்ன? படம் வரும். ஆனால் படத்தில் எது அடங்கும் என்று ஜன்னலில் பார்க்க வழியில்லை. எம் கேமராவின் ஜன்னலில் தெரியும் காட்சி எப்போதும் ஒன்றேதான். அதன்மேல் ஒளிரும் ஃப்ரேம் கோடுகள்தான் எல்லையைக் காட்டும். 1998-இல் வந்த மூத்த ட்ரை-எல்மார் 28, 35, 50 மி.மீ. கொண்டது. அதன் வளையத்தைத் திருப்பினால் மவுண்ட்டில் உள்ள ஒரு நெம்புகோல் தள்ளப்பட்டு, கேமராவின் கோடுகளும் தானாக மாறும். அந்த வீச்சுக்குள் கோடுகள் இருப்பது அந்த மூன்றுக்குத்தான் என்பதால் லென்ஸும் அந்த மூன்றில்தான் நிற்கும்.

இளையதற்கு அந்த வசதியும் இல்லை, ஏனென்றால் கேமராவுக்குள் இருக்கும் மிக அகலமான கோடே 28 மி.மீ.க்கு (எம்8-இல் 24-க்கு) உரியது. அதனால் கேமராவின் தலையில் ஒரு தனி வியூஃபைண்டரைச் செருக வேண்டும். 16, 18, 21, 24, 28 என்று ஐந்து நிலைகள், ஒரு ரசமட்டம், அருகில் உள்ளதைப் பார்க்கும்போது வரும் இடமாறு தோற்றப் பிழைக்கு ஒரு திருத்தம். லென்ஸில் ஒரு முறை, ஃபைண்டரில் ஒரு முறை என்று இரண்டையும் கையால் மாற்ற வேண்டும். லென்ஸ் 335 கிராம், கைக்கு அடக்கம். மேலே ஏறும் அந்த ஃபைண்டர்தான் கச்சிதத்தைக் கெடுக்கிறது.

கண்ணுக்கு மட்டுமல்ல, கேமராவின் மென்பொருளுக்கும் குவியத்தூரம் தெரியாது. மவுண்ட்டில் உள்ள ஆறு புள்ளிக் குறியீடு எந்த லென்ஸ் என்று மட்டும் சொல்லும். 16-ஆ 18-ஆ 21-ஆ என்பதை எம்8-இன் மெனுவில் நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வம்பு. எம்8-இன் சென்சார் அகச்சிவப்பை முழுதாகத் தடுக்காததால், கறுப்பு நைலான் துணிகூடக் கருஞ்சிவப்பாகப் பதிவானது. அதைத் தடுக்க லென்ஸின் முன்னே ஒரு ஃபில்டர் போட்டார்கள். சாய்ந்து வரும் ஒளியில் அந்த ஃபில்டர் சிவப்பையும் சேர்த்து வெட்டியதால், மூலைகள் நீலப்பச்சையாக மாறின. எவ்வளவு திருத்துவது என்பது கோணத்தைப் பொறுத்தது. கோணமோ குவியத்தூரத்தைப் பொறுத்தது.

ஒளியை உள்ளே விடும் துளையான அபர்ச்சர் அதிகபட்சம் எஃப்/4 தான். இன்னும் ஒரு ஸ்டாப் கூட்டி, இருமடங்கு ஒளி வரவிட்டிருந்தால் முன்கண்ணாடி பெருத்து, கேமராவின் ஜன்னலையே மறைத்திருக்கும். 16 மி.மீ.யில் எஃப்/8 வைத்து 1.07 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால், சுமார் அரை மீட்டரிலிருந்து முடிவிலி வரை எல்லாம் தெளிவாக இருக்கும். அதனால் இதை வைத்திருப்பவர்கள் பாதி நேரம் அந்த வெளிச்சத் திட்டைப் பார்ப்பதே இல்லை. லென்ஸ் அரை மீட்டர் வரை நெருங்கும். உருளையின் தொடர்பு 0.7 மீட்டரிலேயே விட்டுப்போகும். அதற்கும் கிட்டே போனால் குழலில் உள்ள தூர அளவுகோலைப் பார்த்து வைக்க வேண்டியதுதான்.