சுக்கான் தண்டு ஆடுகிறதா? புஷ் வாங்குமுன் தண்டை அளந்து பாருங்கள்

நங்கூரம் போட்டு நிற்கும்போது சின்ன அலைக்குக்கூடப் பின்பக்கம் ‘டொக்... டொக்’ என்று சத்தம் வருகிறதா? பழைய பாய்மரப் படகில் இது பெரும்பாலும் சுக்கான் தண்டுக்கும், குழாய்க்குள் அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் வளையமான புஷ்ஷுக்கும் இடையே விழுந்த இடைவெளிதான். பலரும் பழைய அளவிலேயே புதுப் புஷ் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கொஞ்ச நாளில் சத்தம் திரும்பி வரும், ஏனென்றால் தண்டும் தேய்ந்திருக்கிறது, அதை யாரும் அளக்கவில்லை.

படகைக் கரையேற்றியதும் முதல் சோதனை. டில்லரை (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) நடுவில் கட்டிவிட்டு, சுக்கான் இலையின் (தண்ணீரில் நிற்கும் தட்டைப் பகுதி) அடி நுனியைப் பிடித்துப் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசையுங்கள். இன்னொருவர் கீழ்ப் புஷ்ஷின் விளிம்பில், பாதி தண்டிலும் பாதி குழாயிலும் படும்படி விரலை வைத்துப் பார்க்கட்டும். பிறகு மேல்ப் புஷ்ஷிலும் அப்படியே. நுனியில் தெரியும் ஆட்டத்தைப் பார்த்து மிரள வேண்டாம். இரண்டு புஷ்ஷுக்கும் இடையே தூரம் 600 மி.மீ., கீழ்ப் புஷ்ஷிலிருந்து நுனி 1200 மி.மீ. என்றால், கீழே 1 மி.மீ. ஆட்டம் நுனியில் 3 மி.மீ. ஆகத் தெரியும். மேலேயும் 1 மி.மீ. இருந்தால் அது 5 ஆகிவிடும். ஆனால் இலை திரும்பியும் தண்டு அசையவில்லை என்றால் சிக்கல் புஷ்ஷில் இல்லை. இலைக்குள் தண்டோடு பற்றவைத்த தகடுகள் விட்டுப்போயிருக்கும். அது வேறு வேலை, இதைவிட அவசரமான வேலை.

கீழ்ப் புஷ் பெரும்பாலும் முதலில் தேய்வதற்குக் காரணம் நெம்புகோல் கணக்கு. அதே படகில் தண்ணீரின் தள்ளுவிசை கீழ்ப் புஷ்ஷுக்கு 500 மி.மீ. கீழே விழுவதாக வைத்தால், அந்தப் புஷ் தாங்குவது அந்த விசையைப் போல 1.8 மடங்கு. தண்டை வளைக்கும் விசையும் அதே இடத்தில்தான் உச்சம். தேய்மானமும் வளைவும் ஒரே இடத்தில் சேர்வதுதான் இந்த வேலையைச் சிக்கலானதாக்குகிறது.

சுக்கானை இறக்க, தண்டின் முழு நீளத்துக்கும் கீழே இடம் வேண்டும். படகை உயரத் தூக்குங்கள், இல்லையேல் குழி தோண்டுங்கள். டில்லர் தலையையோ குவாட்ரண்டையோ (ஸ்டீயரிங் கம்பி சேரும் கால்வட்டத் துண்டு) கழற்றுவதற்கு முன் இலையை அடியில் முட்டுக் கொடுத்துத் தாங்கியிருக்க வேண்டும். தண்டைத் தாங்கும் கடைசிக் காலர் (வளையம்) கழன்றதும் மொத்த எடையும் சட்டென்று இறங்கும். விரல்கள் அங்கே இருக்கக் கூடாது.

வெளியே எடுத்த தண்டை மைக்ரோமீட்டரால் 25 மி.மீ.க்கு ஒருமுறை, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசையில் அளந்து எழுதுங்கள். பெரும்பாலும் புஷ் இருந்த இடத்தில் மட்டும் இடுப்பு போல ஒடுங்கியிருக்கும். இங்கேதான் பொறி. தண்டு கீழிருந்து மேலே ஏறுகிறது. அதன் மேல்பகுதி முழுக்கக் கீழ்ப் புஷ்ஷின் துளை வழியாகப் போயாக வேண்டும். ஆகவே துளை, தேயாத பகுதியின் அளவுக்கு இருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்தபின் அந்த இடுப்பில் புதுப் புஷ்ஷும் லூஸாகத்தான் நிற்கும்.

தேய்மானம் குறைவென்றால் புஷ் வழியாகப் போகும் நீளம் முழுவதையும் லேத்தில் ஒரே அளவாக இழைத்து, அதற்கேற்பப் புஷ் கடைவதே எங்கள் முதல் தேர்வு. கெட்டித் தண்டின் வளைவைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். 50 மி.மீ. தண்டை 49.6க்கு இழைத்தால் 2.4 சதவீதம் போகும், பரவாயில்லை. 48 என்றால் 11.5 சதவீதம். ஸ்லீவ் (உறைக்குழாய்) ஏற்றுவதற்காக 45க்கு இறக்கினால் 27 சதவீதம், அதுவும் உச்ச விசை விழும் இடத்தில். குழாய்த் தண்டில் இழப்பு இன்னும் அதிகம். ஆழமாகத் தேய்ந்திருந்தால் உருக்கிய உலோகத்தைத் தூவும் முறையில் நிரப்பிக் கிரைண்ட் செய்யலாம், அல்லது நீளவாக்கில் இரண்டு பாதியாக அறுத்த புஷ்ஷை இடுப்பைச் சுற்றி வைத்துத் தண்டோடு சேர்த்தே மேலே ஏற்றலாம். வெல்டிங் வைத்து நிரப்பினால் தண்டு வளையும், இலைக்குள் உள்ள ஃபோம் கருகும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காற்றுப்படாத ஈரத்தில் அரிக்கும். புஷ் உட்காரும் பகுதியையும் இலைக்குள் தண்டு நுழையும் இடத்தையும் நன்றாகத் துடைத்து, சாயம் ஊற்றி விரிசல் சோதியுங்கள். ஊசிக்குத்துப் போன்ற குழிகளோ விரிசலோ கீழ்ப் புஷ் பக்கம் தெரிந்தால் இழைக்கவே வேண்டாம், தண்டையே மாற்றுங்கள்.

பழைய புஷ்ஷை எடுக்க, ஹேக்சா பிளேடால் உள்பக்கமாக நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு உள்நோக்கி மடக்கினால் வந்துவிடும். பிளேடு ஃபைபர் குழாயைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதுக்கு நைலான் வேண்டவே வேண்டாம். அது எடையில் 8, 9 சதவீதம் வரை தண்ணீர் குடித்து உப்பி, தண்டைப் பிடித்துக்கொள்ளும். டெல்ரின் (அசெட்டல் பிளாஸ்டிக்) குடிப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. ஸ்டீல் தண்டுக்கு வெண்கலமும் சரி. அலுமினியத் தண்டுக்கு வெண்கலம் வைத்தால் உப்புத் தண்ணீரில் தண்டு கரைந்துபோகும்.

50 மி.மீ. தண்டுக்கு டெல்ரினில் மொத்த இடைவெளி 0.25 முதல் 0.4 மி.மீ., வெண்கலத்தில் 0.1 முதல் 0.2 போதும். டெல்ரின் புஷ்ஷை ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்தால் சுருங்கி எளிதில் ஏறும். 60 மி.மீ. வெளிவிட்டம், வெப்பம் 45 டிகிரி செல்சியஸ் இறங்கினால் சுமார் 0.27 மி.மீ. குறையும். ஏறி, பழைய வெப்பத்துக்கு வந்ததும் வெளியில் நெருக்கிய அளவு ஏறத்தாழ அப்படியே உள்துளையிலும் குறையும். இதை மறந்து, ‘லேத்தில் சரியாக இருந்ததே’ என்று குழம்புவது வாடிக்கை. டெல்ரினை எபாக்சிப் பசை ஒட்டாது. குழாய் வழியாக இரண்டு சிறு திருகு போட்டு நிறுத்துங்கள், முனை தண்டைத் தொடக் கூடாது.

குழாயே சீராக இல்லையென்றால் எபாக்சியில் புஷ் வார்க்கலாம். தண்டு ஒரே அளவாக இருப்பது கட்டாயம், இடுப்பு இருந்தால் வார்ப்பு அதைக் கவ்விக்கொள்ளும். தண்டில் மெழுகு நான்கைந்து பூச்சு, மேல், கீழ்ப் புஷ் வரும் இடங்களில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப். அதுதான் இடைவெளியைத் தருகிறது. சிலிக்காவும் கிராஃபைட் தூளும் கலந்த எபாக்சியைக் குழாயில் போட்ட கீழ்த்துளையில் சிரிஞ்சால் ஏற்றி, மேல்த்துளையில் வழியும்வரை நிரப்புங்கள். தண்டு அலுமினியமென்றால் கிராஃபைட்டை விட்டுவிடுங்கள்.

திரும்பப் பொருத்திய பிறகு, கம்பி எதுவும் இணைக்காமல் சுக்கானை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒரே விரலால் திருப்பிப் பாருங்கள். ஒரே ஒரு கோணத்தில் மட்டும் இறுகினால் தண்டு வளைந்திருக்கலாம். எல்லாக் கோணத்திலும் இறுகினால் இரண்டு புஷ்ஷும் ஒரே கோட்டில் இல்லாமல் இருக்கலாம், அல்லது இடைவெளி போதவில்லை.