மணி அடித்தும் நர்ஸ் வராதது ஏன்?

கட்டிலோரத்து மணியை அழுத்திவிட்டுக் காத்திருப்பவருக்கு இரண்டு நிமிடமே நீளம்தான். "நர்ஸ் கண்டுகொள்ளவே இல்லை" என்று வீடு திரும்பிய பிறகும் குறைப்படுவார். பல நேரங்களில் அது அலட்சியம் இல்லை, வெறும் கணக்கு.

வார்டில் ஒரே செவிலியர், ஒரு வேலைக்குச் சராசரியாக 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வேலைகள் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒருவருக்கு ட்ரிப் தீர்ந்திருக்கும், அதே நொடியில் இன்னொருவர் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும். செவிலியரின் நேரத்தில் பாதி நிரம்பியிருந்தால், வரிசைக் கோட்பாட்டின் (வரிசையில் காத்திருப்பதைக் கணக்கிடும் கணிதம்) எளிய சூத்திரப்படி சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். 80 சதவீதம் நிரம்பினால் 20 நிமிடம். 90 சதவீதம் என்றால் 45! கடைசிப் படியில் வேலை எட்டில் ஒரு பங்குதான் கூடியது. காத்திருப்போ இரு மடங்கைத் தாண்டிவிட்டது. நிஜ வார்டில் பலர் வேலையைப் பகிர்ந்துகொள்வார்கள், அவசரமானது முந்திக்கொள்ளும். ஆனாலும் அந்தச் செங்குத்தான ஏற்றம் அங்கேயும் உண்டு.

நேரம் போதாதபோது எதை விடுவது? ஊசியை விட முடியாது, அதற்குப் பதிவேடு இருக்கிறது. பேச்சுக்குப் பதிவேடு கிடையாது. 12 ஐரோப்பிய நாடுகளில் 33,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களிடம் நடந்த ஆய்வில், தாங்கள் கடைசியாகப் பார்த்த ஷிஃப்டில் செய்யாமல் விட்டதாக அதிகம் பேர் சொன்னது நோயாளியோடு பேசுவதையும் தேற்றுவதையும்தான்: 53 சதவீதம். நோயாளிக்கும் குடும்பத்துக்கும் விளக்கிச் சொல்வதை விட்டவர்கள் 41 சதவீதம்.

இப்போது நோயாளியிடம் கேட்கப்படும் கேள்விகளைப் பாருங்கள். அமெரிக்க மருத்துவமனைகளின் தேசியக் கருத்துக்கணிப்பு கேட்பவற்றில் இவையும் உண்டு: செவிலியர் காது கொடுத்துக் கேட்டாரா, புரியும்படி சொன்னாரா, உதவி கேட்டதும் கிடைத்ததா? நெருக்கடியில் முதலில் கைவிடப்படுபவையும் இவையே. செவிலியர் கூடுதலாக இருந்த மருத்துவமனைகளில் நோயாளிகளின் அனுபவம் சற்று மேலாக இருந்ததை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. வித்தியாசம் பெரிதில்லை, காரணமும் அது ஒன்றே என்று சொல்லிவிட முடியாது.

பேச்சு வெறும் உபசாரமும் அல்ல. பேசும்போதுதான் முகம் வெளிறியிருப்பதும் வார்த்தை குழறுவதும் கண்ணில் படும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து, செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா எய்கனின் குழு 2002-இல் வெளியிட்ட முடிவு: ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், 30 நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு விகிதம் 7 சதவீதம் உயர்ந்தது. கலிஃபோர்னியா 2004-இல் சட்டப்படி உச்சவரம்பை நடைமுறைப்படுத்தியது. 2005 முதல் பொது வார்டில் ஒரு செவிலியருக்கு 5 நோயாளிகளுக்கு மேல் கூடாது.

சில இடங்களில் மணிக்கொரு முறை செவிலியரே கட்டில் கட்டிலாகச் சுற்றி வருகிறார். தண்ணீர் வேண்டுமா, வலி இருக்கிறதா, புரண்டு படுக்கணுமா என்று கேட்டுவிட்டால் மணிச்சத்தம் குறைகிறது. சொல்லாமல் வரும் வேலை, நேரம் குறித்த வேலையாக மாறுவதால் கிடைக்கும் பலன் இது. சுற்றி வரவே ஆள் போதாத ஷிஃப்டில் சுற்றி வந்ததாகப் படிவத்தில் டிக் மட்டும் விழும், மணி அடித்துக்கொண்டே இருக்கும்.